ஆம்புலன்ஸுக்கு ஒரு சிப்

கார்களுக்கு வேகம் கூட்டித் தருவதில் கைதேர்ந்த ஒருத்தி ஆழியாறு மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருந்தாள். பெயர் எஸ்தர், வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க ஞாயிறுதோறும் ஒரே ஒரு சீடர் வருவார். வால்பாறை ஆம்புலன்ஸ் டிரைவர் சிவராசு, வயது ஐம்பத்திரண்டு. மகள் வயசுக்காரியை டீச்சர் என்கிறாரே என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த ஞாயிறு அவர் ஆம்புலன்ஸோடு வந்து நின்ற கோலமே சரியில்லை. வண்டிக் கதவைச் சாத்தக்கூட மறந்திருந்தார்.

புதன்கிழமை நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறார். பதினோராவது வளைவில் உயிர் போய்விட்டது. கூட வந்த மனைவி கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாமோ என்று மட்டும் கேட்டாளாம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்து யாரை ஏற்றப்போகிறோமோ என்று ஸ்டியரிங்கைத் தொடவே பயமாக இருக்கிறது.

செல்போனை நீட்டினார். இன்ஜினுக்குக் கூடுதலாகக் காற்று இழுத்துத் தரும் குழாயில் இரண்டு விதம், இழுவையைக் கூட்டும் சிப்பில் மூன்று விதம் குறித்து வைத்திருந்தார்.

எஸ்தர் பொறுமையாகப் பார்த்துச் சொன்னாள். இந்தக் குழாய் சத்தம்தான் போடும், இன்ஜின் சூட்டையே திரும்ப இழுக்கும். அது வெளிக்காற்றை எடுக்கும், தேவலை. இந்த சிப் டீசலைப் புகையாக்கித் தள்ளும். கடைசி சிப் நன்றாக இழுக்கும்.

“எதைப் போடலாம் டீச்சர்? இன்னைக்கே மாட்டிடுங்க.”

“சாவியைக் கொடுங்கண்ணா. பின்னால ஏறி ஸ்ட்ரெச்சர்ல படுங்க.”

“நானா?”

“பெல்ட்டை நல்லா இறுக்கிக்கங்க.”

குருவிடம் காரணம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. படுத்தார்.

ஒன்பதாவது வளைவு வரை ஏற்றிப்போய், வண்டியைத் திருப்பி இறக்கினாள். அவர் தலை வண்டியின் முன்பக்கம், வண்டியோ சரிவில் கீழ்நோக்கி. ரத்தமெல்லாம் மண்டைக்கு வந்தது. இருபது வருஷம் ஓட்டிய பாதைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது வண்டியின் கூரை மட்டும். எந்த வளைவு எப்போது வரும், உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாப் போங்க என்றார். பிறகு கத்தினார். வண்டி அதே வேகத்தில் இறங்கியது.

பட்டறை வாசலில் கதவு திறந்தது. இறங்கி ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“கொல்லப் பாத்தீங்களே டீச்சர். எதுக்கு இந்த வேகம்?”

“முப்பதுக்கு மேல ஸ்பீடாமீட்டர் முள்ளு ஏறலைண்ணா.”

“முப்பதா?”

“நீங்க எத்தனையில இறங்குவீங்க?”

நாற்பத்தைந்து என்பது இருவருக்கும் தெரியும்.

சிவராசு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த மனுசனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?”

எஸ்தர் சாவியை அவர் கையில் வைத்தாள்.

“அவரை இனிக் கேக்க முடியாதுண்ணா. அடுத்து ஏறுறவங்களைக் கேட்டுக்கிட்டே ஓட்டுங்க.”