ஓலைக்குடத்துக்குக் காவல் வைத்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் பூக்கட்டும் சரோஜினி அக்கா. என் மூத்தவள் வயிற்றில் இருந்த வருஷம், ஓட்டுப் போட வரிசையில் நின்றோம். வெயில் கொளுத்தியது. எனக்குத் தலை சுற்றாமல் இருக்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதை அப்படியே எழுதப் பார்க்கிறேன். ஆண்டவன் துணை.

செவ்வேலி என்று ஒரு நாடு. அங்கே பெரிய ஏரி. ஏரிக்கரை நெடுக இலுப்பைத் தோப்பு. ஊர் விளக்கெல்லாம் அந்த இலுப்பை எண்ணெயில்தான் எரியும். ஏரிக்கும் தோப்புக்கும் ஒரு தலைவர் உண்டு. அவரை ஜனங்கள் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். குடத்துக்கு அரக்கு முத்திரை வைத்து, மூன்றாம் நாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எண்ணுவார்கள். அது அந்த நாட்டு வழக்கம்.

அந்த இரண்டு நாளில்தான் வினையே. மந்திரி மகுடராயருக்குத் தோப்பின் மேல் கண். மரத்தையெல்லாம் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் எரித்துப் புது மாளிகை கட்டவேண்டும் என்று ஆசை. அதற்குத் தன் மைத்துனன் வரதப்பன் தலைவனாக வேண்டும். எதிரே நின்றவன் ஏகாம்பரம், மதகு திறக்கிற ஆள்.

ஏகாம்பரம் சபைக்கு வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, போன தடவை நாங்க போட்ட ஓலை ஒண்ணு, எண்ணினப்போ வந்த ஓலை வேற. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா தோப்பு போயிடும். தோப்பு போனா கரை நிக்காது."

"காவல் போட்டிருந்தோமே?" என்றார் ராஜா.

"காவலுக்கு நின்னவங்க மந்திரி வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவங்க, மகாராஜா."

மந்திரி சிரித்தார். "அப்படியானால் நம் அரண்மனை விகடகவி கூத்தபிரான் காவல் ஏற்பாடு செய்யட்டுமே! அவர்தான் புத்திசாலி ஆயிற்றே. லஞ்சம் வாங்காத ஆள், யாருக்கும் பயப்படாத ஆள், சம்பளமே கேட்காத ஆளாகப் பார்த்துக் காவலுக்கு நிறுத்தட்டும். முடியாவிட்டால் அரண்மனையை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகத் தோன்றிவிட்டது. "ஆகட்டும். கூத்தபிரான், உம் பொறுப்பு!"

பாவம் கூத்தபிரான். அப்படிப்பட்ட ஆளை எங்கே தேடுவது? சாமியை வேண்டிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். அங்கே பூவாத்தா என்று ஒருத்தி இலுப்பைக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி, அங்கேயே நில்லுங்க!" என்று கத்தினாள். "மேலெல்லாம் ஜவ்வாது பூசிக்கிட்டா இங்க வர்றது?"

"அரண்மனையில் எல்லாரும் பூசுவதுதானே, தாயி?"

"இந்த மரத்துல மலைத்தேனீ கூடு கட்டியிருக்கு. வாசனை பட்டா சும்மா விடாது. நான் பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு, பைய வந்து, பைய போறேன். என்னை ஒண்ணும் பண்ணாது."

கூத்தபிரான் அண்ணாந்து பார்த்தார். கிளையில் முறம் முறமாக நாலு கூடு.

"தாயி, குடத்தை இந்தக் கூட்டுக்கடியில் கட்டினால்?"

"கட்டுங்க. ஆனா நான்தான் கட்டணும், நான்தான் அவுக்கணும். நீங்க எட்டவே நில்லுங்க."

ஓலை போட்டு முடிந்தது. முத்திரை வைத்த குடத்தைப் பூவாத்தா கொண்டுபோய்க் கட்டினாள். சபையில் கூத்தபிரான் சொன்னார்: "காவல் போட்டாயிற்று, மகாராஜா. குடம் தோப்பு மரத்தில் தொங்குகிறது. படைவீரர் ஒருவர்கூட வேண்டாம்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல். மறுநாள் மத்தியானம், ஊரே சாப்பாட்டில் இருந்த நேரம், மைத்துனனோடு கிளம்பினார். கையில் அதே மாதிரி இன்னொரு குடம், கள்ள முத்திரையோடு. வழக்கம்போல ஜவ்வாது, புனுகு, சந்தனம் எல்லாம் தடவியாயிற்று. தோப்பில் ஈ காக்கை இல்லை. குடம் மட்டும் தொங்கியது. பல்லக்கில் போகிறவருக்கு அண்ணாந்து பார்க்கிற பழக்கம் ஏது?

"மாமா, கையை நீட்டுங்க, எட்டிடும்" என்றான் வரதப்பன்.

அவ்வளவுதான் அவன் பேசியது. அப்புறம் ஏரித் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு மூக்குகள்தான் தெரிந்தன, பொழுது சாயும்வரை.

மூன்றாம் நாள் சபை கூடியது. மந்திரி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டுக்குள்ளே ஒரு பலாப்பழம் இருந்தது போல் இருந்தது.

"என்ன மகுடராயரே?"

"பல்வலி, மகாராஜா."

"உம் மைத்துனருக்கு?"

"அவனுக்கும் பல்வலிதான்."

பூவாத்தா குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முத்திரை அப்படியே இருந்தது. "மரத்தடியில இன்னொரு குடம் உடைஞ்சு கிடந்துச்சு சாமி. உள்ள இருந்த ஓலை எல்லாத்துலயும் வரதப்பன்னே எழுதியிருக்கு" என்றாள்.

சபையில் குசுகுசுவென்று பேச்சு. நல்ல குடத்தைத் திறந்து எண்ணினார்கள். முக்கால்வாசி ஓலை ஏகாம்பரத்துக்கு.

"கூத்தபிரான், அபாரமான காவல்!" என்றார் ராஜா. "எத்தனை ஆட்களைப் போட்டீர்?"

"எண்ணவில்லை, மகாராஜா. நாலு கூட்டம். எல்லாரும் தோப்பிலேயே குடியிருக்கிறவர்கள். தோப்பு இருக்கிறவரைக்கும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்."

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. துண்டை உதறி எழுந்தார். ஒரு கண் திறக்கவே இல்லை.

"காவலா அது? யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகாராஜா! மந்திரி என்றும் பார்க்காமல் மூக்கிலேயே கொட்டினால் என்ன நியாயம்?"

மந்திரி வாயை மூடிக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டதே!

"பல்வலி என்றீரே?" என்றார் ராஜா.

இனி மறைத்து என்ன என்று மந்திரிக்கு வீம்பு ஏறிவிட்டது. "நான் போனது தப்பாகவே இருக்கட்டும். ஒரு மந்திரி மேல் கைவைத்த காவலாளைத் தண்டிக்கவேண்டும். அதுதானே சட்டம்?"

கூத்தபிரான் பணிவாக எழுந்தார்.

"சட்டம் சட்டம்தான், மகாராஜா. கட்டாயம் தண்டிக்கலாம். மந்திரியார் இப்போதே ஜவ்வாது பூசிக்கொண்டு மரத்தடிக்கு வரட்டும். கொட்டின மலைத்தேனீ எது எது என்று கிட்டே போய் அடையாளம் காட்டட்டும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. மந்திரி பதவி அன்றோடு போயிற்று. தோப்பில் கோடாலி படக்கூடாது என்று ஆணை பிறந்தது. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குக் கொடுத்தார். "காவலாட்களை எனக்குக் காட்டியதே இவள்தான், மகாராஜா" என்று அவர் அதைப் பூவாத்தாவிடம் நீட்டிவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு மரத்தில் தேனீ கூடு கட்டினால் பந்தம் கொளுத்திக்கொண்டு ஓடாதீர்கள். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள், போதும்.