கொண்டைக்கடலைக்கு ஐந்து மணி அப்பாயின்ட்மென்ட்

அநியாயம் நடந்தது என் அக்கா மகன் கபிலனுக்கு. வயது மூன்று. சுண்டலுக்கு ஊறப்போடுவதற்காக அக்கா கொண்டைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவன் ஒன்றை எடுத்து வலது மூக்கில் போட்டுக்கொண்டான். அதை எடுக்கத் தெரிந்த டாக்டர் பத்தடி தூரத்தில் ஃபேன் காற்றில் சும்மா உட்கார்ந்திருக்க, ஆலங்கோட்டை குழந்தைகள் கிளினிக்கின் ஊழியர்கள் மூன்று பேரும் சேர்ந்து அவனை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்தார்கள். எல்லாம் விதிப்படி.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். டாக்டர் அன்னபாக்கியம் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்கிற, மனசில் கள்ளமில்லாத ஜனங்கள். தொல்லையே அதுதான்.

நாங்கள் போனபோது கிளினிக்கில் வேறு ஒரு நோயாளிகூட இல்லை. டாக்டர் அறைக்கு ஊஞ்சல் மாதிரி ஆடுகிற பாதிக் கதவு. அதற்குக் கீழே டாக்டரின் கால்கள் தெரிந்தன. ஒரு செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்.

வரவேற்பு மேஜையில் சொர்ணவல்லி.

"போன் பண்ணி நேரம் வாங்கினியளா?" என்றாள்.

"இல்லம்மா. பிள்ளை மூக்குல கடலை போயிட்டு. நேரம் ஆக ஆக ஊறிப் பெருத்துரும். கொஞ்சம் உள்ள விடுங்க" என்றாள் அக்கா.

சொர்ணவல்லிக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம். ஆனா போன் பண்ணாம வர்றவங்களுக்கு நேரம் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே. ஒரு போன் பண்ணிருங்களேன்."

இவ்வளவுதானா என்று நான் அங்கேயே நின்று போன் செய்தேன். மேஜைமேல் இருந்த போன் அடித்தது. சொர்ணவல்லி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுங்க" என்றேன்.

"முடியாதே. எதிர்ல ஆள் நிக்கும்போது போன் எடுக்கக் கூடாது. அது மரியாதை இல்லைன்னு டாக்டர் போன மாசம் கண்டிச்சுச் சொல்லிட்டாங்க."

"எதிர்ல நிக்கிறதும் நான்தான், போன்ல இருக்கிறதும் நான்தான்!"

"தெரியுது. அதான் எனக்கும் சங்கடமா இருக்கு. நிக்கிற உங்களை விட்டுட்டுப் போன்ல இருக்கிற உங்ககிட்ட பேசினா, நிக்கிற நீங்க என்ன நினைப்பிய?"

நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுதித் தரக்கூடத் தயாராக இருந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "ஏட்டி, உன் பட்டிமன்றத்தை உங்க யுனிவர்சிட்டியோட வச்சுக்கோ. கடலை ஊறுது."

வாசலில் நின்று மறுபடி போன் செய்தேன். அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மேஜைக்கு முன்னால் வாட்ச்மேன் ஞானப்பழம் நிற்கிறார். "வந்தவங்க எல்லாரும் வெளிய போயிட்டாங்க" என்று தகவல் சொல்ல வந்தவராம். சொல்லிவிட்டு, அவள் பதிலுக்காக மரியாதையாகக் காத்து நின்றார். அவளோ, போன் அடித்துக்கொண்டிருக்கிறதே என்ற கவலையில் அவருக்குப் பதில் சொல்ல மறந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க!" என்று நான் கத்திய கத்தலில் டாக்டர் அறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு அது?"

"யாரும் இல்ல டாக்டர். அப்பாயின்ட்மென்ட் இல்லாதவங்க" என்றாள் சொர்ணவல்லி.

"சரி சரி."

ஞானப்பழம் வெளியே வந்தார். போன் எடுக்கப்பட்டது. அதே சொர்ணவல்லி, என்னை ஜென்மத்தில் பார்த்திராதவள் போல, "வணக்கம், குழந்தைகள் கிளினிக். சொல்லுங்க, பிள்ளைக்கு என்ன?" என்று உருகிக் கேட்டாள்.

"மூக்குல கடலை."

"ஐயோ பாவம்!" இந்த முறையும் அவளுக்குக் கண் கலங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "அஞ்சு மணிக்குக் கூட்டிட்டு வாங்க."

"இப்பவே டாக்டர் சும்மாதானே இருக்காங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஆச்சரியமாக.

ஐந்து மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதுவரை உட்காரலாம் என்று உள்ளே போனால், கம்பவுண்டர் அருணகிரி வழிமறித்தார். அங்கே இரண்டு பெஞ்சுகள், ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருந்தார்கள். பச்சை பெஞ்சு சுகமில்லாத பிள்ளைகளுக்கு. மஞ்சள் பெஞ்சு தடுப்பூசிக்கு வருகிற நல்ல பிள்ளைகளுக்கு. இரண்டும் கலக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

"பிள்ளைக்குக் காய்ச்சல் உண்டா?" என்றார் அருணகிரி.

"இல்லை."

"வாந்தி?"

"இல்லை. வலது மூக்குல கடலை, அவ்வளவுதான்."

"இடது மூக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு."

அருணகிரி தாடையைத் தடவினார். சொர்ணவல்லியும் ஞானப்பழமும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் கபிலனைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"பச்சையிலதான் உக்காரணும். கடலை இருக்குல்ல" என்றார் ஞானப்பழம்.

"அப்போ இடது மூக்குக்கு ஏதாவது தொத்திக்கிட்டா யாரு பொறுப்பு?" என்றார் அருணகிரி. "அது ஒரு பாவமும் அறியாது."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், மூக்கா உக்காருது? உக்காருற இடத்துல பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்லை."

"பாப்பா பேசுறதுல நியாயம் இருக்கு" என்றாள் சொர்ணவல்லி. "அப்போ மஞ்சள் பெஞ்சு. என்ன தடுப்பூசி போடணும்?"

அக்கா என் தொடையில் கிள்ளியதில் இன்றைக்கும் தடம் இருக்கிறது.

கடைசியில் சமரசம் ஆனது. கபிலனை இரண்டு பெஞ்சும் சேருகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். வலது பாதி பச்சையில், இடது பாதி மஞ்சளில். அருணகிரி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, மூக்குத்தண்டு நேராகப் பெஞ்சுகளின் இடுக்குக்கு மேலே வருகிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் இருந்தது. கபிலன் அதைப் பார்க்க முட்டி போட்டுத் திரும்பினான்.

"ஐயையோ! நோய் மஞ்சளுக்கு வந்துட்டு!" என்று அலறினார் அருணகிரி.

நோய் பட்ட பெஞ்சை உடனே துடைக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. அதற்கென்றே ஒரு துணி இருந்தது. அந்தத் துணியைத் துவைக்கச் சொல்லி விதி இல்லை. அருணகிரி அதை உதறி மஞ்சள் பெஞ்சைத் துடைத்தார். தூசி கிளம்பியது. கபிலன் என்ன நடக்கிறது என்று இந்தப் பக்கம் திரும்பினான்; பச்சை பெஞ்சைத் துடைத்தார். மறுபடி ஒட்டகச்சிவிங்கி, மறுபடி மஞ்சள். இது ஒரு விளையாட்டு என்று புரிந்துவிட்டது கபிலனுக்கு. பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தான். அருணகிரியும் பின்வாங்கவில்லை. அறையே புகைமண்டலமானது. ஞானப்பழம் போய் வாசல் லைட்டைப் போட்டார்.

"ஹ்ஹ... ஹ்ஹ..." என்று கபிலன் முகத்தைக் கோணினான்.

அச்ச்!

கடலை பறந்து போய்ச் சொர்ணவல்லியின் மேஜைமேல் விழுந்தது. கொஞ்சம் ஊறியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது.

அக்கா கபிலனைத் தூக்கி முத்தம் கொடுத்து, அழுது, முதுகில் ஒன்று வைத்து, மறுபடி முத்தம் கொடுத்தாள். "போதும்டி, வா போவோம்" என்று பையை எடுத்தாள்.

"எங்க போறிய?" என்றாள் சொர்ணவல்லி. "அஞ்சு மணி அப்பாயின்ட்மென்ட் இருக்கே."

"அதான் கடலை வந்துட்டே!"

"அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லணும். இப்படித் திடீர்னு போனா டாக்டர் நேரம் வீணாப் போகும்லா?"

ஞானப்பழம் வாசலுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அருணகிரி கடலையை ஒரு சின்னத் தட்டில் வைத்து, "கடலைக்குன்னுதானே நேரம் வாங்குனிய. பழைய இடத்துலேயே வச்சிருவோமா? அஞ்சு நிமிஷம்தானே" என்று அன்பாகக் கேட்டார். கபிலன் மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அந்த அறையில் புத்தியோடு நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

ஐந்து மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான்தான் முதலில் போனேன். டாக்டர் படித்தவர், சுவர் நிறையச் சான்றிதழ்கள். இவரிடமாவது நியாயம் கிடைக்கும் என்று ஒன்று விடாமல் கொட்டினேன். போன், பெஞ்சு, துணி, வாசலில் நாற்காலி, எல்லாம்.

"கேன்சல் பண்ண நேத்தே சொல்லணுமாம் டாக்டர்! நேத்து இவன் மூக்குல கடலையே இல்லை. நேத்து நாங்க எப்படி வந்து சொல்லுறது? நீங்களே ஒரு பதில் சொல்லுங்க!"

டாக்டர் அன்னபாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டார். டார்ச் அடித்துக் கபிலனின் வலது மூக்கைப் பார்த்தார், இடது மூக்கைப் பார்த்தார், தட்டில் இருந்த கடலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்:

"நேத்தே கூட்டிட்டு வந்திருக்கணும்மா. கடலை உள்ள போறதுக்கு முன்னாடி எடுக்கிறது எவ்வளவு சுலபம் தெரியுமா?"