சுவரைக் கழற்றி வந்தவர்

"இருக்கிறதிலேயே பலமான தோட்டா எது, டீச்சர்?"

மிளகுத் தோட்டக்காரர் ரத்தினசாமி கேட்ட முதல் கேள்வி இதுதான். கைத்துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. லைசென்ஸ் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. மிளகு திருட வந்தவர்கள் தோளில் வெட்டிவிட்டுப் போனதிலிருந்து மனிதருக்கு நிம்மதி இல்லை. தாயில்லாப் பெண் சுகந்தியை வைத்துக்கொண்டு வேறென்னதான் செய்வார்?

துப்பாக்கி மன்றத்தில் சுடக் கற்றுக்கொடுக்கும் கோமதிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். பேச்சு அதிலும் பாதி.

"கூடத்துக்கும் பொண்ணு அறைக்கும் நடுவுல என்ன சுவர், சார்?"

"பலகைச் சுவர்தான்."

"அதுல ஒரு பலகையைக் கழட்டிக்கிட்டு வாங்க."

கேலி செய்கிறாளோ என்று ரத்தினசாமிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு காலை பலகை ஜீப்பில் வந்து இறங்கியது.

கூடத்துப் பக்கம் எது என்று கேட்டு, அது தன்னைப் பார்க்கும்படி, குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டின் முன்னால் கோமதி நிறுத்தினாள். பலகைக்கு முன்னால் ஈரக் களிமண் உருண்டை ஒன்றை வைத்தாள்.

"இதுதான் திருடன்."

உள்ளங்கையில் இரண்டு தோட்டாக்களைக் காட்டினாள். ஒன்றுக்கு மூக்கு வரை செம்பு உறை. இன்னொன்றின் நுனியில் சின்னக் குழி.

"ரெண்டும் இந்த ஒரே ரிவால்வருக்குத்தான்."

செம்புத் தோட்டா களிமண்ணைத் துளைத்து, பலகையைத் துளைத்து, மண்மேட்டுக்குள் போய்விட்டது.

"அடேயப்பா! சுண்டுவிரல் அளவுகூட இல்லையே!"

அடுத்து குழித் தோட்டா. பலகை அசையவில்லை. கோமதி களிமண்ணைப் பிளந்து அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். வெடித்த பருத்திக் காய்போல நுனி விரிந்திருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. ரத்தினசாமி பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"திருடனுக்குள்ளயே நின்னுடுச்சே! இது போதும் டீச்சர். இதையே வாங்கிக்கறேன்."

கோமதி களிமண்ணை ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"திருடன் நகர்ந்துட்டான்."

அதே குழித் தோட்டாவில் இன்னொன்றைப் போட்டு, பழைய இடத்தையே பார்த்துச் சுட்டாள். பலகை அதிர்ந்தது.

ரிவால்வரைக் காலி செய்து வைத்துவிட்டு, போய்ப் பாருங்கள் என்று கைகாட்டினாள்.

முன்பக்கம் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவர் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அது மகள் அறையின் பக்கம். சுகந்தி கட்டிலில் சாய்ந்து படித்துப் படித்து, அவள் தலை படும் இடத்தில் தேங்காயெண்ணெய்க் கறை வட்டமாக ஊறிப்போயிருந்தது. அந்த வட்டத்துக்குள்தான் பலகை இரண்டு இடத்திலும் சிலும்பி நின்றது.

கறைமேல் கை வைத்தார். இத்தனூண்டு ஈயத்துக்கு இவ்வளவு தூரம் போகத் தெரியுமா என்று மலைத்துப்போய் நின்றார்.

"வாங்கற சீட்டுல எந்தத் தோட்டானு எழுதட்டும், சார்?"

"அது இருக்கட்டும் டீச்சர். அவ கட்டிலை எந்தச் சுவர் ஓரமாப் போடறது?"