நாலாகப் பிரித்த மண்மேடு

கரியங்குப்பம் நிலக்கரிச் சுரங்கத்தில் கொளஞ்சி, பூவராகன், தேசிங்கு என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் எந்த நாளில் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் பிரச்சினை.

கொளஞ்சிக்கு அப்போது வீட்டில் பெரிய கஷ்டம். அவன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி, இரண்டு பனை உயரத்துக்கு ஒரு மேடு நின்றது. அதில் மிச்சம் கிடந்த கரி வெயில் ஏறினால் புகைந்தது. வெள்ளையாகக் கொடியேறிய வேட்டி சாயங்காலம் கறுப்பாக இறங்கியது. அவன் மனைவி தில்லைநாயகி ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள்.

“இந்த மேடு போற அன்னிக்குத்தான் வருவேன்” என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கொளஞ்சிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அது அவனே பொங்கிய சோறு என்பதும் ஒரு காரணம்.

மண்ணில் கரி நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால் தீப்பிடிக்கும் என்று மேட்டை அள்ளிவிடுவார்கள். குறைவாக இருந்தால் மேலே புல் நட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அதை அளக்க ஆய்வகத்துக்குப் புது மெஷின் வந்திருந்தது. ஆய்வக அதிகாரி இந்திராணி மேடம் மூவரையும் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். அப்போது அவரிடம் பொறுமை இருந்தது.

“இதுல அகச்சிவப்பு ஒளி வரும். கண்ணுக்குத் தெரியாது. மண்ணுல இருக்கற கரி அந்த ஒளியக் குடிச்சிடும். எவ்வளவு குடிச்சுதுன்னு பாத்து, கரி எவ்வளவுன்னு மெஷின் சொல்லிடும். மேட்டுல ஒரு எடத்துல மட்டும் அள்ளுனா போதாது. மேல, நடுவுல, அடியில, எல்லாத்தையும் கலந்து குவிங்க. நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்க வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் தூரத் தள்ளிடுங்க. மறுபடி கலந்து மறுபடி பிரிங்க. கடைசியில ஒரு கரண்டி மிஞ்சணும். அத வெயில்ல காய வச்சுக் கொண்டாங்க.”

சொல்லிவிட்டு மேடம் ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனார். மூவரும் மேட்டை மூன்று சுற்றுச் சுற்றி யோசித்தார்கள்.

“எல்லாத்தையும் கலக்கணும்னாங்க” என்றான் பூவராகன். “எல்லாம்னா எல்லாந்தான்.”

“தூரத் தள்ளுன்னா எவ்வளவு தூரம்?” என்றான் டிப்பர் ஓட்டும் தேசிங்கு.

“எம்மாமியார் வீட்டுக்குப் பின்னால ஒரு சூளைப் பள்ளம் இருக்குது. மண்ணு போட்டுத் தூத்துக் குடுங்க மாப்ளன்னு மூணு வருசமாக் கேக்கறாங்க” என்றான் கொளஞ்சி.

“அது ஏழு கிலோமீட்டராச்சே.”

“தூரந்தான?”

வேலை தொடங்கியது. மேடு முழுவதையும் கலந்தார்கள், நாலாகப் பிரித்தார்கள், பாதியைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மிச்சத்தை மறுபடி கலந்தார்கள். சுரங்கத்தில் லாரி நின்றால்தான் ஏன் என்று கேட்பார்கள். ஓடினால் கேட்க ஆளில்லை. இருபத்தெட்டாம் நாள் அந்த இடத்தில் ஒரு கரண்டி மண் இருந்தது.

அதைக் காய வைப்பதில்தான் கொளஞ்சிக்குக் கவலை வந்தது.

“வெயில்ல வச்சா கரி அந்த வெளிச்சத்தையே வயிறு முட்டக் குடிச்சிடும். அப்பறம் மெஷின்ல ஒரு வாய்கூட எறங்காது. கணக்கு பத்துக்குக் கீழ போயிடும். எம்பொண்டாட்டி வரவே மாட்டா.”

அதனால் மண்ணை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, கறுப்புத் துணி சுற்றி, நடுவெயிலில் வைத்துக் குடை பிடித்தார்கள். மூன்று நாள், முறை போட்டுப் பிடித்தார்கள்.

மூன்றாம் நாள் தில்லைநாயகி பெட்டியோடு வந்து இறங்கினாள். பின்னாலேயே அவள் அம்மாவும் வந்தாள்.

“அங்க ஒரு மேடு வந்து மொளச்சிருச்சுங்க. பள்ளம் நெறஞ்சு ஓட்டுக்கு மேல நிக்குது. பொகை தாங்கல” என்ற தில்லைநாயகி, கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். “அய்யோ, இங்க இருந்த மேட்ட எனக்காகவா எடுத்தீங்க?”

கொளஞ்சி எட்டிப் பார்த்தான். மேட்டைக் காணோம். அவனுக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. பெண்டாட்டி வந்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் திரும்பி வந்து மண்ணை மெஷினில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். கரி நூற்றுக்குப் பதினாலு என்று வந்தது.

“இவ்வளவு ஒழுங்கா யாருமே மண்ணு எடுத்துத் தந்ததில்ல” என்று மேடம் மெச்சி, மிஞ்சிய மண்ணோடு ஓர் உத்தரவையும் கையில் கொடுத்தார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள மேட்டை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

மூவரும் உத்தரவோடு கொல்லையில் போய் நின்றார்கள்.

“மேடே இல்லியே. எதை அப்புறப்படுத்தறது?” என்றான் பூவராகன்.

“கையெழுத்துப் போட்ட உத்தரவு. செய்யலன்னா வேல போயிடும்” என்றான் கொளஞ்சி.

தேசிங்கு டிப்பரைச் சூளைப் பள்ளத்துக்குக் கிளப்பினான்.

அடுத்த மாதக் கடைசியில் மேடு பழைய இடத்தில் பழைய உயரத்தில் நின்றது. மெஷினுக்குப் போய் வந்த மண்ணையும் உச்சியில் ஏறி வைத்துவிட்டு வந்தார்கள். மேடு புகைந்தது. தில்லைநாயகி பெட்டியைக் கட்டினாள்.

“கொஞ்ச நாள்தான்” என்று கொளஞ்சி தேற்றினான். “ஒங்கம்மா வீட்டுலயே இரு. அங்க இப்ப காத்து நல்லா வருது. உத்தரவு இருக்குது, நாளைக்கே அள்ள ஆரம்பிச்சிடுவோம்.”

“அள்ளி எங்க கொட்டுவீங்க?” என்று கேட்டாள் மாமியார்.

கொளஞ்சிக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

“ஏன், ஒங்க பள்ளந்தான் இப்ப காலியாயிடுச்சே” என்றான்.