பூதத்துக்குப் படிச்சுக் காட்டின செவந்தி

ஒரு ஊர்ல ஒரு சலவைக்காரி இருந்தாளாம். பேரு செவந்தி. ஊர்ல முந்நூத்திப் பன்னெண்டு வீடு. அத்தனை வீட்டுத் துணியும் அவ கையிலதான். ஏரித் தண்ணியில தொம்மு தொம்முன்னு அடிச்சு, பிழிஞ்சு, காயப்போட்டு, மடிச்சு, வீட்டுக்கு வீடு கொண்டு போய்க் குடுப்பா. எங்கே, ம் சொல்லு.

ம்.

துணி மாறிடக் கூடாதுல்ல? அதுக்காக ஒவ்வொரு துணி ஓரத்துலயும் சேங்கொட்டை மையால ஒரு குறி போடுவா. அந்த மை எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. மணியக்காரர் வீட்டுக்கு ரெண்டு புள்ளி, ஒரு கோடு. பூக்கார அம்மா வீட்டுக்கு ஒரு வளையம், அதுக்கு ஒரு வாலு. இப்படி முந்நூத்திப் பன்னெண்டு குறியும் அவ தலைக்குள்ள இருக்கு. ஒரு நாளாவது ஒரு துண்டு மாறினதில்ல. ஆனா யாராவது புகழ்ந்தா, "போங்கம்மா, நான் எழுத்து வாசனையே இல்லாதவ"ன்னு சொல்லிடுவா. பாரேன் அநியாயத்தை! அவளை மட்டும் சொல்லக் கூடாது, அந்த ஊர்ல வேற யாருக்கும்தான் படிக்கத் தெரியாது.

அவளுக்கு ஒரே மக, பவளம். ஏழு வயசு. சரியான வாலு, உனக்கு அக்கான்னு வெச்சுக்கோயேன். ஒரு நாள் காலையில காத்துல ஒரு துண்டு பறந்து ஏரியில விழுந்துச்சு. பவளம் சளக் சளக்குன்னு நீந்திப் பின்னாலயே போனா. ஏரி நடுவுல ஒரு கல் மண்டபம். துண்டு அதுக்குள்ள போச்சு, அவளும் போனா. டமால்! கதவு மூடிக்கிச்சு.

அப்போ மண்டபத்து மேலருந்து ஒரு பூதம் எழுந்துச்சு. பனைமர உசரம். நண்டுக் கொடுக்கு மாதிரி விரலு. மூச்சு விட்டா புஸ்ஸ்ஸ்னு ஏரியில அலை அடிக்குது.

கரையில துவைச்சுக்கிட்டிருந்த செவந்தி அழுதுக்கிட்டே நீந்திப் போனா. படியில ஏறினா. "என் பிள்ளையை விடு"ன்னா.

"நான் மூடல தாயி. அது தானா மூடிக்கும். கதவு மேல வெட்டியிருக்கறதைப் படிச்சாத்தான் திறக்கும். மூணு தடவைதான். தப்பாச் சொன்னா மண்டபம் ஒவ்வொரு படியா இறங்கும். மூணாவது தப்புல முழுகிடும்."

"என்னதான் வெட்டியிருக்கு?"

பூதம் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "எனக்கும் தெரியாது. ராசா வெட்டினாரு. 'நான் சொல்ற வரைக்கும் காவல் இரு'ன்னுட்டுச் சண்டைக்குப் போனாரு. ஆயிரம் வருசமாச்சு. படிச்சவன் எவனும் என்னைப் பார்த்துட்டு நின்னதில்ல."

உள்ளேருந்து "அம்மா, அம்மா"ன்னு சத்தம். செவந்தி பதறிப்போயி, சாமி பேராத்தான் இருக்கும்னு, "முருகா காப்பாத்து!"ன்னா. கடகடகட! மண்டபம் ஒரு படி இறங்கிடுச்சு.

ம் சொல்லு கண்ணு. பயமா இருக்கா? இன்னும் கிட்டக்க வா.

அப்புறம் செவந்தி அந்தக் கல்லை ஒரு பார்வை பார்த்தா. அவ கண்ணுல ஒரு குறி விழுந்துட்டா மறக்காதுல்ல! வீட்டுக்கு வந்து, ஒரு வேட்டியை விரிச்சு, கல்லுல இருந்ததை அத்தனையும் அப்படியே மையால போட்டுட்டா. போட்டுட்டா சரி, படிக்கணுமே? வேட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம தெருத்தெருவா நடந்தா.

கருப்பாயி வீட்டு வாசல்ல தண்ணிக் குடம் இருந்துச்சு. குடத்துல பேரு வெட்டியிருக்கு. படிக்கத் தெரியாதவங்க வீட்லயும் கல்யாணச் சீர்ல வந்த குடம், சொம்பு, அண்டா எல்லாத்துலயும் பேர் இருக்கும். வெளியூர்லருந்து ஒருத்தர் திருவிழாவுக்கு வந்து, டிக் டிக் டிக்னு வெட்டிக் குடுத்துட்டுப் போவாரு. செவந்தி அந்தப் பேரோட முதல் குறியைப் பார்த்தா. இதை இன்னொரு வீட்ல பார்த்திருக்கமேன்னு ஓடினா. கந்தன் வீட்டுச் சொம்பு. அதுலயும் முதல்ல அதே குறி!

கருப்பாயி. கந்தன். ரெண்டு பேரையும் வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தா. க... க... அப்படியே நின்னுட்டா. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இது கருப்பாயிக்குப் போட்ட குறி இல்ல, கந்தனுக்குப் போட்ட குறியும் இல்ல. வாயில வர்ற சத்தத்துக்குப் போட்ட குறி! வீட்டுக்குக் குறி போடலாம், துணிக்குப் போடலாம். வாயை விட்டு வந்ததும் காத்துல கரைஞ்சு போற சத்தத்துக்கு எவரோ குறி போட்டுப் பிடிச்சு வெச்சிருக்காங்களே, அவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு நெனச்சா. எனக்கே இதைச் சொல்லும்போது சிலிர்க்குது, பாரு.

அப்புறம் என்ன! வீரம்மா தாம்பாளம், ஏகாம்பரம் அண்டா, ராக்காயி தூக்குவாளின்னு வீடு வீடாப் போனா. இந்தக் குறி ஏகாம்பரத்தோட தலை. இந்தக் குறி கந்தனோட வாலு, அதேதான் மாடனோட வாலும். மறுநாள் பாதி தெரிஞ்சுது. ஏரின்னு ஒரு சொல்லு, காவல்னு ஒரு சொல்லு. பிள்ளை அங்க கிடக்கே, பொறுக்க முடியுமா? நீந்திப் போயி, மிச்சத்தைத் தானா ஜோடிச்சு, "ஏரியை நல்லாக் காவல் காக்கணும்!"னா.

கிர்ர்ர்னு கதவு ஒரு விரக்கடை திறந்துச்சு. உள்ள பவளத்தோட கண்ணு தெரிஞ்சுது. "அம்மா, பூதம் சன்னல் வழியா அல்லித்தண்டு குடுத்துச்சு. ஆனா தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சும்மா." அவ்வளவுதான். டமால்! கடகடகட!

ம்... அப்புறம்?

அப்புறம் செவந்தி அழவே இல்ல. இனிமே ஒரு குறியைக்கூட ஊகிக்க மாட்டேன்னு திரும்ப ஊருக்குள்ள வந்தா. ஊரே கூடிடுச்சு. "என் குடத்தைப் பாரு", "என் சொம்பைப் பாரு"ன்னு ஆளாளுக்கு வாசல்ல கொண்டாந்து வெச்சாங்க. மூணாம் நாள் காலையில எல்லாக் குறிக்கும் சத்தம் கிடைச்சுடுச்சு, ஒண்ணே ஒண்ணைத் தவிர. முதல் சொல்லோட முதல் எழுத்து. அது அந்த ஊர்ல எந்தப் பாத்திரத்துலயும் இல்ல.

மண்டபத்துக்குப் போனா. மனசுக்குள்ளயே படிச்சா. ஏதோ "...ண்டனுக்கு ராசா சொல்றது"ன்னு ஆரம்பிக்குது. யாரோ ஒருத்தருக்குச் சொன்ன சேதி. செவந்தி பூதத்தை அண்ணாந்து பார்த்தா. "ஐயா, உங்க பேரு என்ன?"

ஆயிரம் வருசமா யாரும் கேக்காத கேள்வி. பூதம் தலையைச் சொறிஞ்சு, நினைவுக்குக் கொண்டு வந்து, "ஞெண்டன்"னுச்சு.

செவந்தி நிமிர்ந்து நின்னு, குரல் பிசகாமப் படிச்சா: "ஞெண்டனுக்கு ராசா சொல்றது. ஏரி ஒரு தடவை நிரம்பினதும் உன் காவல் முடிஞ்சுது. நீ வீட்டுக்குப் போ."

கதவு படார்னு திறந்துச்சு. பவளம் ஓடி வந்து அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டா. மண்டபம் மளமளன்னு மேல எழுந்துச்சு. பூதம் மட்டும் அசையல.

"இன்னொரு தடவை படி தாயி."

படிச்சா.

"ஏரி நான் வந்த வருசமே நிரம்பிடுச்சு தாயி"ன்னுச்சு பூதம். "இந்த எழுத்து மேலதான் சாஞ்சு உக்காந்திருந்தேன்."

செவந்திக்கு, அதைப் பார்த்து இத்தனை நாளா பயந்தமேன்னு இருந்துச்சு. அப்போ பூதம் சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாக் கேட்டுச்சு: "இதுல என் பேரு எது?"

அவ அந்தப் பெரிய விரலைப் பிடிச்சு, கல்லுல வெச்சு, ஒவ்வொரு எழுத்தா இழுத்துக் காட்டினா. ஞெ... ண்... ட... ன். பூதம் தன் பேரைத் தொட்டுப் பார்த்துச்சு. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துச்சு. அப்புறம் எழுந்து, பொத் பொத்துன்னு மலைப்பக்கம் நடந்து போச்சு, போற வழியில இருந்த ஒவ்வொரு பாறையிலயும் விரலால தன் பேரை எழுதிக்கிட்டே.

பூதம் வீடு போய்ச் சேர்ந்துடுச்சு, என் கதையும் போய்ச் சேர்ந்துடுச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு.