ராஜாவின் காலில் சிவப்பு நூல்

சீன தேசத்தில், தேசப்படம் போடுகிறவர்கள் மறந்துவிட்ட ஒரு மூலையில், யுன்ஷான் என்றொரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட வேய் தாவ் ராஜாவுக்கு எத்தனை ராணிகள் என்று கேட்டால் அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியாது. மற்றபடி நல்ல மனுஷர். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பேச்சைக் கேட்பார்.

அவர் சபையில் லூ ஃபான் என்றொரு விதூஷகன். சபையைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். சாயப்பட்டறைக்காரர் மகள் சூ நிங்கை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வசந்தம் வந்தால் கல்யாணம்.

இது ராஜ ஜோதிடர் கோங் ஜிக்குத் தெரியும். அவருக்கு லூ ஃபான் மேல் பழைய கடுப்பு. ஒரு கோடையில் "நாளை பெருமழை" என்று அவர் சொல்லப் போக, மறுநாள் சுட்டெரிக்கும் வெயிலில் லூ ஃபான் மழைக்குப் போடும் ஓலைக் கொங்காணியை மாட்டிக்கொண்டு வந்து, "நனைந்துவிட்டேன், நனைந்துவிட்டேன்" என்று நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். சபை வயிறு வலிக்கச் சிரித்தது. ஜோதிடர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் ஓடி வந்து ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, நிலாக் கிழவர் கனவில் வந்தார்."

நிலாக் கிழவர் யார் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். யாருக்கு யார் என்று முடிவு செய்து, இருவர் கணுக்காலையும் ஒரு சிவப்பு நூலால் பிணைத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத நூல். வாள் அறுக்காது, நெருப்பு எரிக்காது.

"தங்கள் இடது காலில் நூல் இருக்கிறது. மறுமுனை சாயப்பட்டறை சூ நிங் காலில். மனசு சுத்தமானவர்களுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிகிறது."

ராஜா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கும் தெரிகிறது," என்றார்.

அதோடு சபையின் நடையே மாறிப்போயிற்று. ராஜா இடது காலை ஒரு பட்டு மெத்தைமேல் நீட்டிவிட்டு உட்கார்ந்தார். நூல் வாசல் வரை போகிறதாம். கஜானா மந்திரி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார். முட்டிவாதம் பிடித்த கிழட்டுத் தளபதி, சேவகர்கள் தோளைப் பிடித்து ஒரே எம்பாக எம்பினார். தாண்டாமல் நடந்த ஒரு குமாஸ்தாவை எல்லைக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

"பெண்ணை அழைத்துவர யாரை அனுப்பலாம்?" என்று கேட்டார் ராஜா.

"லூ ஃபானையே அனுப்பலாம். இனிக்க இனிக்கப் பேசுகிறவன்," என்றார் ஜோதிடர்.

லூ ஃபான் யோசித்துப் பார்த்தான். மறுத்தால் தலை போகும். அழைத்து வந்தால் சூ நிங் போய்விடுவாள். தலை போவதே தேவலை என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு போனான். வேடிக்கைப் பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

சூ நிங் முழங்கை வரை சாயத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"நூலை யார் யார் பார்த்தார்கள்?"

"சபையே பார்த்தது."

"நீங்கள்?"

"நானும் தாண்டித்தான் வந்தேன்," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்படியென்றால் எனக்கும் தெரியத்தானே வேண்டும்?" என்று அவள் கையைக் கழுவினாள்.

போகிற வழியில் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அரண்மனையை அடைவதற்குள் லூ ஃபான் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

சூ நிங் சபை வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். "நல்ல கெட்டிச் சாயம். எங்கள் பட்டறையில்கூட இப்படிச் சிவப்பு வராது," என்றாள்.

ராஜா குளிர்ந்துபோனார். "ஜோதிடரே, அவளுக்கும் தெரிகிறது."

"தெரியாமல் இருக்குமா மகாராஜா? நிலாக் கிழவர் தேர்ந்தெடுத்த பெண். என்னைவிடச் சுத்தமான கண் அவளுக்கு."

"அப்படியானால் அவளே நூலைப் பிடித்துப் போய் மறுமுனை முடிச்சைக் காட்டட்டும்," என்றான் லூ ஃபான். "சபையும் கண்குளிரப் பார்க்கட்டுமே."

சூ நிங் ராஜாவின் காலருகே மண்டியிட்டாள். இரண்டு விரலால் எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். வாசல் வந்ததும் நிற்பாள் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. திரும்பினாள், தூணைச் சுற்றினாள், கஜானா மந்திரியிடம் "கொஞ்சம் நகருங்கள் ஐயா" என்றாள், நேரே ஜோதிடரிடம் வந்து உட்கார்ந்தாள்.

"இதோ, இவர் காலில்தான் முடிச்சு. இரட்டை முடிச்சு."

சபை முழுக்க எட்டிப் பார்த்தது. ஜோதிடர் தன் காலையே வெறித்துப் பார்த்தார்.

"பொய் சொல்கிறாள்," என்றார்.

லூ ஃபான் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டான். "நிலாக் கிழவர் தேர்ந்தெடுத்த பெண், சுத்தமான கண் என்றீர்கள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்றால் முடிச்சு உங்கள் காலில். பொய் சொல்கிறாள் என்றால் தேர்ந்தெடுத்த பெண் இவள் இல்லை. எது என்று சொல்லிவிடுங்கள், முகூர்த்தம் வேறு பார்க்க வேண்டும்."

ராஜா ஜோதிடரின் தாடியை ஏற இறங்கப் பார்த்தார். "இதை அறுக்க முடியாதா?"

"வாள் அறுக்காது, நெருப்பு எரிக்காது, மகாராஜா. ஊருக்கே தெரியும்," என்றான் லூ ஃபான்.

ராஜா அவசரமாகக் காலை மெத்தையிலிருந்து எடுத்தார். "எந்த நூல்? இங்கே நூலே இல்லையே."

"நாங்களும் பார்க்கவில்லை மகாராஜா," என்றது சபை, ஒரே குரலில்.

அன்றே ஜோதிடர் எல்லைக்குக் கிளம்பினார். குமாஸ்தாவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தளபதி மட்டும் பழக்க தோஷத்தில், வெளியே போகும்போதும் ஒரு எம்பு எம்பினார்.

"லூ ஃபான், உனக்கு ஏன் இப்படி வியர்க்கிறது?" என்றார் ராஜா.

"இவள் எனக்குப் பேசி முடித்த பெண், மகாராஜா."

"அட, முதலிலேயே சொல்லக் கூடாதா?"

"சொல்வதற்குத் தலை வேண்டுமே, மகாராஜா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூ நிங்கைக் குறும்பாகப் பார்த்தார். "ஏன் பெண்ணே, உன் காலுக்கும் இவன் காலுக்கும் நடுவில் நூல் ஏதாவது தெரிகிறதா?"

"இல்லை, மகாராஜா. தினமும் சாயங்காலம் தானாகவேதான் நடந்து வருகிறார்."

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நாள் முழுக்க நீட்டி மரத்துப்போன இடது காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கால் வலி என்னவென்று எனக்குத் தெரியும். இவனுக்கு ஒரு குதிரை கொடுங்கள்," என்றார்.