கம்ப்யூட்டருக்குப் போட்ட மாலை

எங்க ஊர் ரைஸ்மில் முதலாளி மாசிலாமணி புதுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, தண்டியாக ஒரு சாமந்தி மாலையும் போட்டார். அதுவோ அஞ்சு நிமிஷம் ஓடும், அணையும், தானே மறுபடி எழும்பும்.

“நீ மாட்டின லட்சணம்! நான் போட்ட மாலையில கை வைக்காம சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!” என்று கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டிய, மில்லில் கணக்கு எழுதும் செண்பகத்திடம் உறுமினார்.

அவள் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். சூடு வெளியேற விடாமல் ஃபேனை மாலை அடைத்துக் கிடந்தது.

“சாமிக்குப் போட்ட மாலையை அப்புறம் ஊர்ப் பெரிய மனுஷனுக்குத்தானே போடுவாங்க, முதலாளி? உங்களுக்கு இன்னும் யாரும் போடலையே?”

முதலாளிக்குக் கழுத்து அரித்தது. தானே கழற்றி, தானே போட்டுக்கொண்டார். பெட்டி அதன்பிறகு அணையவே இல்லை.

“என்னடி கோளாறு அதுக்கு?” என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

“மூச்சு முட்டுச்சு, முதலாளி. இப்ப உங்களுக்கு முட்டுற மாதிரியேதான்.”